பெட் ஸ்கேனுக்கு முன் இன்சுலின்: சர்க்கரை கட்டிக்குப் போகாமல் தசைக்கு ஏன் போகிறது?

சாட்ஸ்வர்த்_செல்வி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கதிர்ப்பட நுட்பம் படிக்கிறேன். இங்கே நம் வீடுகளில் புற்றுநோய் என்றதுமே சோற்றையும் சீனியையும் நிறுத்திவிடுகிறார்கள், கட்டி பட்டினியில் செத்துவிடும் என்று. இதற்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று, ஸ்கேன் அன்று சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலின் போட்டு இறக்கிவிட்டு உடனே படம் எடுத்தால் என்ன?

உயிர்வேதி_மாரிட்ஸ்பர்க்:
குளுக்கோஸ் செல் சவ்வைத் தானாகத் தாண்டாது, கடத்திப் புரதம் வேண்டும். பல புற்றுச் செல்கள் குளூட்1 என்ற கடத்தியை ஏராளமாக வைத்திருக்கும், சில குளூட்3-யும். குளூட்1 தன் வேகத்தில் பாதியை எட்ட லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிமோல் குளுக்கோஸ் போதும். கல்லீரலின் குளூட்2-க்கு ஏறக்குறைய 17 வேண்டும். வெறும் வயிற்று ரத்தத்திலேயே 4 முதல் 5.5 வரை இருக்கிறது. சோற்றை நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸ் உண்டாக்கி அந்த அளவைக் காப்பாற்றிவிடும். கட்டிக்குக் குறை வராது, நோயாளிதான் இளைத்துப்போவார். கீமோ நடக்கும்போது அந்த இளைப்பு பெரிய கேடு. தயவுசெய்து இதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அணுமருத்துவம்_டர்பன்:
இரண்டாவதற்கு வருகிறேன் தங்கச்சி. தசையிலும் கொழுப்பிலும் குளூட்4 என்ற கடத்தி செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும். இன்சுலின் வந்ததும் சவ்வுக்கு ஏறிவிடும். அப்போது எஃப்டிஜி (பெட் ஸ்கேனுக்கு ஊசியாகப் போடும், குளுக்கோஸ் போன்ற கதிரியக்க மருந்து) செலுத்தினால் அந்த மருந்தைத் தசை வாரிக்கொள்ளும். மருந்து சேர்ந்த இடம் படத்தில் கருப்பாகத் தெரியும், அதைத்தான் ஒளிர்கிறது என்போம். படத்தைத் திறந்ததுமே தெரியும்: தோள், தொடை, இதயம் எல்லாம் கருத்து, கல்லீரல் வெளுத்து, கட்டி மங்கி. காலையில் இனிப்பு டீ குடித்துவிட்டுச் சொல்லாமல் வருபவர் படமும் இப்படித்தான் இருக்கும்.

குறைந்தது 4 மணிநேரம், முடிந்தால் 6, பட்டினி. வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள், வார்டில் இருந்து வருபவரிடம் அடிக்கடி தவறுவது இதுதான். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி கூடாது. எஃப்டிஜி ஊசிக்குப் பின் 60 நிமிடம் பேசாமல், மெல்லாமல் படுத்திருக்க வேண்டும். ஜூலைக் குளிரில் ஊசிக்கு முன்பே போர்வை கொடுங்கள். குளிர்ந்தால் கழுத்தின் பழுப்புக் கொழுப்பு (உடலுக்குச் சூடு உண்டாக்கும் கொழுப்பு) ஒளிர்ந்து நிணநீர்க் கட்டி போலக் குழப்பும்.

சாட்ஸ்வர்த்_செல்வி:
நன்றி அண்ணா. சர்க்கரை மீட்டர் 13 மில்லிமோல் காட்டினால்?

அணுமருத்துவம்_டர்பன்:
11-க்கு மேல் போனால் குளுக்கோஸும் எஃப்டிஜியும் அதே கடத்திக்குப் போட்டிபோடும், கட்டியின் எஸ்யூவி (மருந்தை எவ்வளவு எடுத்தது என்ற கணக்கு) அளவு குறைந்து காட்டும். விரைவு இன்சுலினைத் தோலடியில் போட்டால் 4 மணிநேரம் காத்திருக்க வேண்டும். எஃப்டிஜியில் உள்ள கதிரியக்க ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம், அதற்குள் குப்பியில் கால்பங்குகூட மிஞ்சாது. வேறு நாள் கொடுப்பதே மேல். முந்தின மாலையே போன் செய்து அளவைக் கேட்டுவிட்டால் இந்தச் சிக்கலே வராது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை படத்தில் குடலைக் கருப்பாகக் காட்டும், குடலைப் பார்க்க வேண்டியிருந்தால் 48 மணிநேரம் முன் நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நுரையீரல்_பீனிக்ஸ்:
ஒன்று சேர்க்கிறேன். நம் நாட்டில் காசநோய் அதிகம். காசநோய்க் கட்டியில் குவியும் மேக்ரோஃபேஜ்களும் (கிருமியை விழுங்கும் எதிர்ப்புச் செல்கள்) குளூட்1-ஐ நிறைய வைத்திருக்கும், புற்றைப் போலவே ஒளிரும். எஸ்யூவி எவ்வளவு ஏறினாலும் திசு எடுத்துப் பார்க்காமல் புற்று என்று எழுதக்கூடாது.

மறுபக்கமும் உண்டு. உள்ளே போன எஃப்டிஜியில் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டுவதால்தான் அது செல்லில் சிக்குகிறது. சில கல்லீரல் புற்றுகளில் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் என்ற வேறொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், மருந்து வெளியேறும், கட்டி இருந்தும் படத்தில் தெரியாது.