முதல் டேட்டுக்கு ஆண் எதை உடுத்திச் செல்வது: வழக்கமான உடையா, மெனக்கெட்ட உடையா?

கார்முகில் எழுதியது:

வரும் சனிக்கிழமை மாலை ஒருவரை முதன்முறையாக நேரில் சந்திக்கப் போகிறேன். இரண்டு மாதமாகச் செயலி வழியாகப் பேசி வருகிறோம். இருவருக்கும் வயது முப்பதை ஒட்டி. ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் தோட்டத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று திட்டம். என் அலமாரியில் அலுவலகத்துக்கு அணியும் முழுக்கைச் சட்டைகளும், வார இறுதிக்கான டி-சர்ட்டும் ஜீன்ஸும், ஒரு திருமணத்துக்காக வாங்கி ஒரே முறை போட்ட பிளேஸரும் இருக்கின்றன. பிளேஸரைப் போட்டுக்கொண்டு போ என்கிறான் ஒரு நண்பன். எப்போதும் இருப்பதுபோலப் போ, நடிக்காதே என்கிறான் மற்றவன். இருவருமே இன்னும் யாரையும் சந்திக்கப் போனதில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

தனிவழி எழுதியது:

உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வதே சரி. நீங்கள் முன்பின் அறியாத ஒருவரைப் பார்க்கப் போகவில்லை. இரண்டு மாதம் பேசிப் பழகிய ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள். அவர் மனத்தில் உங்களைப் பற்றி ஏற்கெனவே ஓர் உருவம் இருக்கும், அந்த உருவம் பிளேஸர் போட்டிருக்க வாய்ப்பில்லை. முதல் நாள் பிளேஸரில் போய்விட்டு நான்காவது சந்திப்பில் டி-சர்ட்டுக்குத் திரும்பினால், அவருக்குப் பிடித்தது எந்த ஆளை என்ற கேள்வி உங்களுக்கே எழும்.

நானும் ஒரு முறை இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். உள்ளே நுழைந்த கால் மணி நேரத்தில் வியர்த்துவிட்டது. கோட்டைக் கழற்றலாம் என்றால் அக்குளில் ஈரம் படர்ந்திருப்பது தெரிந்துவிடும். ஆகவே இரண்டரை மணி நேரம் முழங்கைகளை விலாவோடு ஒட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன பேசினார் என்பதில் பாதி இன்றைக்கும் எனக்கு நினைவில் இல்லை. உடலுக்குப் பழகிய உடை மனத்தைப் பேச்சில் வைத்திருக்கும். பழகாத உடை மனத்தைத் தன்மேலேயே வைத்திருக்கும்.

வெண்தாழை எழுதியது:

தனிவழி அவர்களின் வாதத்தில் ஒரு வசதியான மறைப்பு இருக்கிறது. ‘நான் நானாக வருகிறேன்’ என்று சொல்பவர்களில் பலர், ‘நான் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வருகிறேன்’ என்பதையே அப்படி அழகாகச் சொல்கிறார்கள். எதிரே வரும் பெண் அந்த மாலைக்காக எதை உடுத்துவது என்று முந்தைய நாளே யோசித்திருப்பாள், இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்து மாற்றியிருப்பாள். அவளுக்கு முன்னால் கசங்கிய டி-சர்ட்டில் வந்து நிற்பவர், அந்த மாலையை இன்னொரு சாதாரண மாலையாகத்தான் எண்ணினார் என்று அவள் நினைத்தால் அதில் என்ன தவறு?

அதற்காக நான் பிளேஸர் பக்கமும் இல்லை. நான் சந்தித்த ஒருவர் எல்லாம் புதிதாகவே அணிந்து வந்திருந்தார். கால்மேல் கால் போட்டபோது காலணியின் அடிப்புறத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைத்தாள் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் பிரியம்தான் வந்தது என்பது வேறு விஷயம், ஆனால் அவர் நடந்த நடையில் குதிகால் உரசிப் புண்ணாகியிருப்பது தெரிந்தது. இன்னொருவர் மிக நன்றாகப் பேசினார், நிறையப் படித்தவர். அவர் காலரின் உள்மடிப்பில் பழுப்பாக ஓர் அழுக்குக்கோடு இருந்தது. ஒவ்வொரு முறை தலையைத் திருப்பும்போதும் என் கண் அங்கேயே போனது. இந்த இருவரிடமும் உடையின் விலையோ வகையோ எனக்கு ஒரு பொருட்டாக இல்லை.

எண்கணக்கன் எழுதியது:

விவாதம் அனுபவத்திலேயே சுற்றுவதால் ஆய்வுகளையும் கொஞ்சம் பார்க்கலாம். முகத்தை நூறு மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், பார்த்தாலே ஒருவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது என்று வில்லிஸ், டொடோரோவ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் காட்டினார்கள். 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், அதே முகங்களைச் சற்று வசதி படைத்தவர் அணிவதாகத் தோன்றும் மேலுடையோடும் வசதி குறைந்தவர் அணிவதாகத் தோன்றும் மேலுடையோடும் காட்டியபோது, முதல் வகையில் இருந்தவர்களே திறமையானவர்களாக மதிப்பிடப்பட்டார்கள். உடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. ஆகவே ‘என்னை உடையை வைத்து எடைபோடாதீர்கள்’ என்ற வேண்டுகோள் நியாயமானதே என்றாலும், கேட்பவர் மனம் அதற்குக் கட்டுப்படுவதில்லை.

கூடவே ஓர் எச்சரிக்கை. சிவப்புச் சட்டை போட்டால் ஆண் கூடுதலாக ஈர்ப்பான் என்று யாராவது சொல்லக்கூடும். 2010இல் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் 2018இல் இதுபற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது விளைவு மிகச் சிறியது என்றும், எதை எப்படிச் சோதிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்து நடத்திய ஆய்வுகளில் அது ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்றும் தெரிந்தது. சிவப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் போடுங்கள், வித்தை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

தனிவழி எழுதியது:

எண்கணக்கன் அவர்களே, நீங்கள் முதலில் சொன்ன இரண்டு ஆய்வுகளில் பார்த்தவர்கள் முன்பின் தெரியாத முகங்களின் படங்களைக் கண் இமைக்கும் நேரம் பார்த்தவர்கள். உடை பற்றிய ஆய்வில் கேட்கப்பட்டதும் திறமை பற்றி. பிடிக்கிறதா, மறுபடி சந்திப்பீர்களா என்று அதில் யாரும் கேட்கவில்லை. கார்முகில் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கா போகிறார்? இரண்டு மாத உரையாடலுக்குப் பிறகு ஒரு மாலை முழுவதும் சேர்ந்து நடக்கப் போகிறவர்களுக்கு அந்த நூறு மில்லிவினாடி எவ்வளவு பொருந்தும் என்று எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

வெண்தாழை சொன்ன அழுக்குக் காலரை நானும் ஆதரிக்கவில்லை. வழக்கமான உடை என்றால் துவைக்காத உடை என்று பொருள் கொண்டு வாதிட்டால் யாரும் வென்றுவிடலாம்.

நூல்கண்டு எழுதியது:

இருபத்தைந்து ஆண்டுகளாக ஆண்களுக்குச் சட்டையும் கோட்டும் தைப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் எந்த உடை என்று பேசுகிறீர்கள், அது உடம்பில் எப்படி உட்காருகிறது என்று யாரும் கேட்கவில்லை. சாதாரண உடை ஒருவனுக்கு அமைந்துவிட்டால் அவன் மெனக்கெட்டவன்போல இருப்பான். பகட்டான உடை அமையாவிட்டால் இரவல் வாங்கியவன்போல இருப்பான்.

தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே நிற்க வேண்டும். அது கைப்பக்கம் வழிந்தால் அண்ணன் சட்டை, கழுத்துப் பக்கம் ஏறினால் தம்பி சட்டை. இடுப்பையும் நீளத்தையும் நாங்கள் ஆல்ட்டர் செய்து தந்துவிடலாம். கோட்டின் தோளைத் தொடுவது என்பது பாதிக் கோட்டைப் பிரித்துத் தைக்கிற வேலை. அதனால்தான் ஒரே முறை போட்ட அந்தப் பிளேஸரைப் பற்றி எனக்கு முதலில் எழும் சந்தேகம் தோளில் இருக்கிறது. போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு இழுத்துப் பிடித்தால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

தனிவழி பட்ட வேதனைக்குத் துணியும் நிறமும் காரணமாக இருந்திருக்கலாம். வெளிர் சாம்பல் நிறத்தைப்போல ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறில்லை. வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தி உறிஞ்சும். லினன் இன்னும் காற்றோட்டமானது, ஆனால் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு அணிய வேண்டும். சென்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று: அடித்துக்கொண்ட சில நிமிடங்களில் நம் மூக்குக்கு அந்த மணம் பழகிவிடும். மணம் போய்விட்டது என்று எண்ணி மறுபடி அடிப்பவர்தான் அறை முழுவதும் மணப்பவர்.

வெண்தாழை எழுதியது:

நூல்கண்டு ஐயாவின் கடைசி வரியை நான் பலருக்கு அனுப்பப் போகிறேன்.

தனிவழி அவர்களுக்கு: துவைத்து, இஸ்திரி போட்டு, அளவு பார்த்து அணிவது என்று நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் அதுவே மெனக்கெடுதல்தான். அதை வழக்கம் என்று அழைக்க விரும்பினால் அழைத்துக்கொள்ளுங்கள்.

தனிவழி எழுதியது:

அதைத் தினமும் செய்பவனுக்கு அது வழக்கம்தானே? சனிக்கிழமைக்காக மட்டும் செய்பவனைப் பற்றியே நான் பேசினேன். இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கைகளை நீட்டிப் பார்த்தேன். பிளேஸர் முதுகில் பிடித்தது, ஆகவே அது போட்டியிலிருந்து விலகிவிட்டது. கருநீலப் பருத்திச் சட்டை, கருப்பு ஜீன்ஸ், ஓராண்டாகக் காலுக்குப் பழகிய பழுப்புத் தோல் காலணி என்று முடிவு செய்திருக்கிறேன். காலணிக்கு இன்றிரவு பாலிஷ் போடுகிறேன். சட்டையின் தோள் நூல்கண்டு ஐயா சொன்ன இடத்திலேயே நிற்கிறது. கைதான் சற்று நீளம், கையைத் தொங்கவிட்டால் கட்டைவிரலின் அடிப்பகுதி வரை வருகிறது. தையல் கடைக்குப் போக நேரமில்லை. மடித்துவிட்டுக்கொள்ளலாமா?

நூல்கண்டு எழுதியது:

மடித்துவிட்டால் தவறில்லை தம்பி, தோட்டத்தில் உட்கார்ந்து பேச அது பொருத்தமாகவே இருக்கும். மடிக்காமல் அணிய விரும்பினால், மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும் பொத்தானைப் பிரித்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துவிடுங்கள். பட்டை மணிக்கட்டிலேயே பிடித்து நிற்கும், கை கீழே வழியாது. ஊசி நூல் கைவசம் இருந்தால் இரண்டு கைக்கும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. நூல் கருநீலமாக இருக்கட்டும்.