எபெனேசர் இல்லம் குழு: கவுண்டரில் சங்கீதம்

சாம், காலை 11:06
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு நியாயம் சொல்லுங்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, பில் போடும் இடத்தில் நின்றபடி போன் பைபிளில் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். பக்கத்துக் கவுண்டர்க்காரன் ரீல்ஸ் பார்க்கிறான். அவனுக்கும் எனக்கும் ஒரே திட்டு. வேதம் வாசிப்பது குற்றமா?

அத்தை செவ்வாய்ப்பேட்டை, 11:08
விசுவாசத்துக்காகப் பாடு அனுபவிக்கிறாய் கண்ணு. கர்த்தர் பார்த்துக்கொள்வார். உனக்காக ஜெபிக்கிறேன். 🙏🙏

மாமா ஏற்காடு, 11:09
சாம், இப்போது எங்கே இருக்கிறாய்?

சாம், 11:09
கடையில்தான் மாமா. ஏன்?

மாமா ஏற்காடு, 11:10
போனை உள்ளே வை. சாப்பாட்டு நேரத்தில் பேசலாம்.

சித்தப்பா பட்டறை, 11:12
மச்சான், உங்களுக்கு மட்டும் எஸ்டேட்டில் வேலை இல்லையா? 😀

மாமா ஏற்காடு, 11:20
இன்று லீவு சொல்லிவிட்டுச் சேலம் இறங்குகிறேன். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதெல்லாம் டவர் போய்விடுகிறது. மாப்பிள்ளை, நீ பட்டறையில் கொலுசைப் பார், கை சுட்டுக்கொள்ளாதே.

சாம், மதியம் 1:41
சாப்பிட வந்துவிட்டேன். மாமா, நான் வாசித்தபோது கவுண்டரில் ஒரு ஆள்கூட இல்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமா ஏற்காடு, 1:48
ஆள் இல்லை, சரி. பிரித்துப் போட்ட சேலை ஒன்றுகூடவா இல்லை? உன்னைத் திட்டியது வேதத்துக்காக இல்லையடா, போனுக்காக. அதைப் போய்ப் பாடு என்று சொல்லிக்கொள்ளாதே. தப்பு செய்து அடி வாங்கிப் பொறுத்துக்கொண்டால் அதில் என்ன பெருமை என்று பேதுருவே கேட்கிறார். 1 பேதுரு 2:20. இது அத்தைக்கும் சேர்த்து.

அத்தை செவ்வாய்ப்பேட்டை, 1:50
பிள்ளை சினிமாவா பார்த்தான்? பவுல் அப்போஸ்தலன் சிறையில்கூடப் பாடித் துதித்தாரே அண்ணா.

மாமா ஏற்காடு, 1:55
சிறையில் அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லையே. கொரிந்துவில் அவர் எப்படி இருந்தார் என்று பார். அப்போஸ்தலர் 18. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார். ஓய்வுநாள் வந்தால் ஜெப ஆலயத்துக்குப் போய்ப் பேசினார். தையலுக்கு நடுவில் ஊசியைப் போட்டுவிட்டுப் பிரசங்கத்துக்குப் போனதாக அங்கே எழுதியில்லை.

சித்தப்பா பட்டறை, 2:03
எங்கள் பட்டறையில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. செய்கிற வேலைக்குத்தான் கூலி. போனை எடுத்தால் நஷ்டம் நமக்கே. மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் நேரம் திருட வழி.

மாமா ஏற்காடு, 2:15
அப்படிச் சொல்லாதே மாப்பிள்ளை. எங்கள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பதற்கும் கிலோ கணக்கில்தான் கூலி. ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகச் சிவக்காது. பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும், காயை விட்டுவிட்டு அப்புறம் மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். அவசரக்காரர் கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவிவிடுவார். பச்சைக்காய், இலை, காம்பு எல்லாம் சாக்குக்குள். மேலே மட்டும் நல்ல சிவப்பாக நாலு கை பரப்பிவிடுவார். அதனால் சாயங்காலம் எடை போடும் முன் நான் முழங்கை வரை சாக்குக்குள் கையை விட்டு அடியில் இருப்பதை அள்ளிப் பார்ப்பேன். உருவுகிற ஆள் நாள் முழுக்க ஒரு நிமிடம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். அதுவும் கண்ணுக்கு முன்னால் மட்டும் செய்கிற வேலைதான். கொலோசெயர் 3:22-இல் பவுல் வேண்டாம் என்பது அதைத்தான். உங்கள் பட்டறையில் பற்றவைப்பு சரியில்லாமல் பாலிஷ் போட்டு மறைத்த கொலுசு ஒன்றுகூட வெளியே போனதில்லையா?

சித்தப்பா பட்டறை, 2:16
மச்சான், வேலை இருக்கிறது. வருகிறேன். 🏃

ஜெனி அக்கா, இரவு 8:32
இப்போதுதான் டூட்டி முடிந்தது. எல்லாவற்றையும் வாசித்தேன். மாமா சொன்னது சரி. ஆனால் 3:22-ஐச் சொல்கிற எல்லாரும் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே 4:1-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேலைக்காரருக்கு நியாயமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார் என்று முதலாளிக்குச் சொன்ன வசனம். அதை யாரும் ஃபார்வர்ட் பண்ணி நான் பார்த்ததே இல்லை. சாம், உங்கள் கடையில் உட்கார ஸ்டூல் இருக்கிறதா?

சாம், 8:50
ஒன்று இருக்கிறது அக்கா. அதில் பை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஜெனி அக்கா, 8:52
2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நாள் முழுக்க நிற்கிற கால் என்ன ஆகும் என்று என்னைக் கேள். வெரிகோஸ் நரம்போடு வருகிறவர்களில் ஜவுளிக்கடைக்காரர்களையும் பார்க்கிறேன். கால் ஓய்கிறபோது மனசு எதையாவது தேடும், கை தானாகப் போனுக்குப் போகும். சாய்ந்து நிற்கிறவனை எல்லாம் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது மாமா.

சாம், 8:55
இன்னொன்று. இரவு கடை சாத்தினபிறகு கணக்கு முடித்து வெளியே வர அரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது. தினமும். அதற்குப் பைசா கிடையாது. இந்த நேரத்தை யார் திருடினார்கள்?

மாமா ஏற்காடு, 9:10
அது திருட்டுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4-இல் இருக்கிறது. அதைக் கேள் சாம். உன்னோடு இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு வாய் திறந்து கேள். ஸ்டூலையும் கேள். ஆனால் ராத்திரி போன அரை மணியைக் காலை பதினொரு மணிக்குச் சங்கீதத்தை வைத்துச் சரிக்கட்டாதே. உனக்குக் கூலியும் கிடைக்காது, சங்கீதமும் மனசில் நிற்காது.

சாம், 9:14
தனியாகக் கேட்டால் வேலை போய்விடும். நாலு பேராகக் கேட்கலாம். பக்கத்துக் கவுண்டர்க்காரனிடம் நாளை பேசிப் பார்க்கிறேன். அவனுக்கும் கால் வலிதான்.

ஜெனி அக்கா, 9:15
சாப்பாட்டு நேரத்தில் பேசு. 😄

அத்தை செவ்வாய்ப்பேட்டை, 9:21
அப்படியானால் நான் தினமும் பத்தரைக்குப் போடுகிற வாக்குத்தத்த வசனம்?

ஜெனி அக்கா, 9:22
அத்தை, பத்தரைக்கு நான் ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். பாக்கெட்டில் போன் அதிரும். நீங்கள் போட்டதும் வரிசையாக ஆமென், ஆமென் என்று வேறு.

சித்தப்பா பட்டறை, 9:24
நான் ஆமென் போடாவிட்டால் அக்கா மதியமே போன் பண்ணி, உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாளே. பயந்துகொண்டே போடுகிறேன்.

அத்தை செவ்வாய்ப்பேட்டை, 9:29
சரி. நாளையிலிருந்து ஐந்தே முக்காலுக்குப் போடுகிறேன். ஆறு மணிக்குள் ஆமென் வந்துவிட வேண்டும்.

சித்தப்பா பட்டறை, 9:30
பத்தரையே பரவாயில்லை அக்கா.