போர் தண்ணில ஷேவிங் சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

முகப்புத்திண்ணை:
எல்லாருக்கும் வணக்கம். 11 வருஷம் சிங்கப்பூர்ல குப்பை கொட்டிட்டு போன தை மாசம் பள்ளத்தூர் வீட்டுக்கே திரும்பி வந்துட்டேன். அங்க கூட வேலை பாத்த நண்பர் ஒருத்தர் வீட்லயே கையால ஷேவிங் சோப்பு செய்வார், வரும்போது 4 வட்டு குடுத்துவிட்டார். அங்க இருந்த வரைக்கும் அதே சோப்பு, அதே பிரஷ், அதே எவர்சில்வர் கிண்ணம், நுரை தயிர் மாதிரி கெட்டியா நிக்கும், கிண்ணத்த கவுத்தாலும் விழாது. இங்க வந்து போட்டா மொதல்ல சோடா நுரை மாதிரி பெருசு பெருசா வருது, கன்னத்துல தடவி பிளேட எடுக்குறதுக்குள்ள அடங்கிப் போயிருது, அப்புறம் வெள்ளையா பிசுபிசுன்னு ஒரு படலம்தான் மிச்சம். ரெண்டு தடவ தாடைல வெட்டிக்கிட்டேன். சோப்பு பழசாகி கெட்டுப்போச்சா? அட்டைல ஸ்டியரிக் ஆசிட், தேங்கா எண்ணெய், வெளக்கெண்ணெய், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காஸ்டிக் சோடா, கிளிசரின்னு போட்டிருக்கு. வீட்ல போர் தண்ணிதான்.

சம்பைக்காரன்:
அண்ணே எத்தன செகண்டு பிரஷ்ஷ சோப்புல தேய்க்கிறீங்க? நிறைய பேரு பண்ற தப்பு இதான், பிரஷ்ஷ தண்ணில முக்கி அப்படியே சொட்டச் சொட்ட கொண்டுபோய் சோப்பு மேல நாலு சுத்து சுத்திட்டு மூஞ்சிக்குப் போயிருவாங்க. தண்ணி ஜாஸ்தி சோப்பு கம்மி, அதான் சோடா நுரை. பிரஷ்ஷ 2 நிமிஷம் ஊற விடுங்க, நல்லா உதறுங்க, முடி ஈரமா இருக்கணும் ஆனா சொட்டக் கூடாது. சோப்பு மேல ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அதையும் 2 நிமிஷம் விட்டு வடிச்சிருங்க. அப்புறம் முழுசா 40 செகண்டு தேய்ங்க, முடி நுனில பேஸ்ட் மாதிரி ஒட்டணும், நுரை வந்தா அது இன்னும் பத்தலன்னு அர்த்தம். கிண்ணத்துல வச்சு சுத்தும்போதுதான் தண்ணி, அதுவும் விரல்ல தொட்டு சொட்டு சொட்டா. மந்தமா இருந்தா இன்னொரு சொட்டு, பளபளன்னு வந்தா நிறுத்திருங்க.

கிண்ணத்துக்கு பதிலா கொட்டாங்கச்சிய பாலிஷ் போடாம வச்சு பாருங்க, உள்பக்கம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்குமே, அதுல பிரஷ் பிடிச்சு சீக்கிரம் நுரைக்கும். நான் அதான் வச்சிருக்கேன், வீட்ல சிரிப்பாங்க, பரவால்ல.

முகப்புத்திண்ணை:
நன்றி தம்பி, 40 செகண்டு தேய்ச்சேன், கொஞ்சம் தேவலாம். ஆனா அடங்குறது அடங்குதுதான். சிங்கப்பூர்ல நான் 15 செகண்டுக்கு மேல தேய்ச்சதே இல்ல, அப்பவே நல்லா வருமே. தண்ணியா இருக்குமோன்னு நெனச்சேன், ஆனா இதே போர் தண்ணில குளிக்கிற சோப்பு, ஷாம்பு எல்லாம் அமோகமா நுரைக்குது. அதான் குழப்பம்.

ரெண்டாங்கட்டு:
தண்ணில அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டு அதுல போடுங்கண்ணே, உப்பு எல்லாம் வெட்டிரும். சிம்பிள்.

சோப்புக்கார ஆச்சி:
ஐயோ எலுமிச்சை வேணாம்! அந்தப் புளிப்பு சோப்பையே முறிச்சிரும், திரிஞ்ச பால் மாதிரி ஆயிரும், அதுக்கப்புறம் நுரைக்கு சோப்பே இருக்காது. நாங்க சோப்பு காய்ச்சும்போது சிட்ரிக் ஆசிட் போடுறது உண்டுதான், ஆனா 10 கிராமுக்கு சுமார் 6 கிராம் காஸ்டிக்க கூட சேத்துத்தான் போடுவோம், அது ரெண்டும் சேந்து சிட்ரேட்டா மாறி தண்ணில இருக்குற கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். செஞ்சு முடிச்ச சோப்புல போய் பழத்த பிழியறது வேற கதை.

முகப்புத்திண்ணை, உங்க சோப்பு கெடல, அட்டையப் பாத்தாலே தெரியுது, தெரிஞ்சவர் செஞ்சது. சும்மா தேங்கா எண்ணெயும் காஸ்டிக்கும் மட்டும் போட்டு ஷேவிங் சோப்புன்னு எழுதி விக்கிறவங்க இருக்காங்க, அது இல்ல இது. ஸ்டியரிக்தான் நுரைய நிக்க வைக்கும், பொட்டாசியம் அத தண்ணில சீக்கிரம் கரைய வைக்கும். ஸ்டியரிக் உருகவே 70 டிகிரி பக்கத்துல வேணும், லை, அதாவது காஸ்டிக் கரைச்ச தண்ணி, பட்டதும் சட்டுனு கட்டியாயிரும், அதனால அடுப்புல சுட வச்சு கிண்டித்தான் செய்யணும், கையி வலிக்கும். நான் அதுல கொஞ்சம் இலுப்பை எண்ணெயும் சேப்பேன், அதுல ஸ்டியரிக்கும், அதே மாதிரி இன்னொரு கொழுப்பு அமிலமான பால்மிட்டிக்கும் சேத்தே கிட்டத்தட்ட பாதி இருக்கும், நம்ம கோயில் வெளக்குக்கு ஊத்துன எண்ணெய் இப்படி ஒரு வேலை பாக்கும்னு மொதல்ல எனக்கே தெரியாது.

இப்ப உங்க குழப்பத்துக்கு வர்றேன். ஷாம்பு சோப்பே கிடையாது, அது வேற ரசாயனம், கடுந்தண்ணி, அதாவது கால்சியம் மெக்னீசியம் உப்பு ஜாஸ்தியா இருக்குற தண்ணி, அத ஒண்ணும் பண்ணாது. குளிக்கிற சோப்புல தேங்கா எண்ணெய் நிறைய இருந்தா அதுவும் தாக்குப்பிடிக்கும், கடல் தண்ணிலயே நுரைக்கிற சோப்பு தேங்கா எண்ணெய்லதான் செய்வாங்க. ஆனா ஸ்டியரிக் சோப்பு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கண்டா ஒடனே அதுகூட ஒட்டி கரையாத பிசுக்கா மாறிரும். நீங்க சொன்ன வெள்ளைப் படலம் அதுதான். நுரைக்கணும்னு நீங்க தேய்க்கிற சோப்புல பாதிய தண்ணி தின்னுருது. அதனாலதான் 40 செகண்டு தேய்ச்சதும் கொஞ்சம் தேவலாம்னு இருந்துச்சு, தண்ணி தின்னது போக மிச்சம் இருந்திருக்கு.

நம்பிக்கை இல்லன்னா ரெண்டு காலி பாட்டில் எடுங்க, ஒண்ணுல போர் தண்ணி, ஒண்ணுல மழைத்தண்ணியோ ஆர்ஓ கேன் தண்ணியோ பாதி ஊத்துங்க. ரெண்டுலயும் ஒரே அளவு, நகக்கண்ணு அளவு சோப்ப சீவிப் போட்டு நல்லா குலுக்குங்க. தெரிஞ்சிரும்.

ரெண்டாங்கட்டு:
சரி ஆச்சி, எலுமிச்சைய வாபஸ் வாங்கிக்கிறேன் 😄 காய்ச்சி ஆற வச்சா போகாதா?

சோப்புக்கார ஆச்சி:
பாதி போகலாம். வெந்நீர் போடுற பாத்திரம் அடியில வெள்ளையா பொறுக்கு கட்டுதுல்ல, அந்த வகை காய்ச்சினா படிஞ்சிரும், மேலாக தெளிஞ்சத எடுத்துக்கலாம். சல்பேட், குளோரைடா இருக்குறது என்ன காய்ச்சினாலும் அசையாது. எது எவ்ளோன்னு லேப்ல குடுத்தாதான் தெரியும், மொத்தமா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு மட்டும் காட்டுற டிடிஎஸ் மீட்டர வச்சு சொல்ல முடியாது. குடிதண்ணிக்கு கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாத ஊர்ல 600 வரைக்கும் போகலாம்னு குடிதண்ணிக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐஎஸ் 10500ல இருக்கு. 600 தண்ணிய குடிச்சிரலாம், உங்க சோப்பு குடிக்காது.

சம்பைக்காரன்:
ஓ அதான் எனக்கு பிரச்சினையே வரல போல. நான் காரைக்குடி டவுன், எங்க வீட்டுக்கு சம்பை ஊத்துத் தண்ணி வருது. இது தெரியாம பிரஷ்ஷப் பத்தி கிளாஸ் எடுத்துட்டேன்.

முகப்புத்திண்ணை:
ரெண்டு நாளா எழுத முடியல, மன்னிக்கணும். பாட்டில் டெஸ்ட் பண்ணேன். போர் தண்ணி பாட்டில் மோர் மாதிரி கலங்கி மேல தயிர்த்துண்டு துண்டா மிதக்குது, நுரை ஒரு விரக்கடை கூட இல்ல. வளவுல (வீட்டு நடு முற்றத்துல) ஓட்டுத் தண்ணி விழுந்து ரொம்புற பழைய செப்புக் கெடாரம் ஒண்ணு இருக்கு, போன வார மழைல புடிச்சு வேட்டித்துணி கட்டி மூடி வச்சிருந்தாங்க, அந்தத் தண்ணி பாட்டில் கழுத்து வரைக்கும் நுரை, அரை மணி நேரம் கழிச்சு பாத்தாலும் அப்படியே நிக்குது. இன்னைக்கு காலைல அதுலயே போட்டேன், பிரஷ்ஷும் தம்பி சொன்ன மாதிரி உதறிட்டு. பழைய தயிர் நுரை வந்துருச்சு. கீழருந்து மேல இழுத்தேன், ஒரு கீறல் இல்ல.

ஒரே சிக்கல், அப்பத்தா பாத்துட்டாங்க. "பருப்பு வேகுறதுக்குன்னு புடிச்சு வச்ச தண்ணிய எடுத்தா மூஞ்சி மழிக்கிற?"ன்னு முகப்பு வரைக்கும் கேக்குற மாதிரி சத்தம். போர் தண்ணில பருப்பு கல்லு மாதிரி கெடக்கும், அதனால காலங்காலமா மழைத்தண்ணிதானாம். சோப்பத் திங்கிற அதே கால்சியம்தான் பருப்பையும் வேக விடலன்னு வெளக்கிப் பாத்தேன், எடுபடல. கடைசில ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்னு முடிவாயிருக்கு.

சோப்புக்கார ஆச்சி:
ஒரு டம்ளர் தாராளம், அதுல பாதிலயே பிரஷ்ஷும் ஊறி நுரையும் வந்துரும். மூஞ்சிய அலசுறத மட்டும் போர் தண்ணில வச்சுக்கங்க, அப்பத்தாகிட்ட வாங்கிக் கட்டிக்காதீங்க.