திருகோணமலை உப்புவெளியில் டிடி ஃப்ரீ டிஷ்: ஸ்ட்ரென்த் 80, குவாலிட்டி 0. பெட்டி பழுதா?

உப்புவெளி_வாசி:
வணக்கம். அப்பாவுக்கு டிடி தமிழ் பார்க்க வேண்டுமாம். அவர் இன்னும் பொதிகை என்றுதான் சொல்வார். மாதக் காசு இல்லாமல் இந்தியத் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டு, சென்னையில் இருந்து வந்த சொந்தக்காரரிடம் சொல்லிப் பெட்டி எடுப்பித்தேன். முன்பு காசு கட்டிப் பார்த்த டிவியின் டிஷ் கூரையில் அப்படியே நிற்கிறது. அதன் வயரைக் கழற்றி இதில் கொளுவினேன். ஸ்ட்ரென்த் 80, குவாலிட்டி 0, சேனல் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சித்தப்பாவோ, "டிஷ் எதற்கு? நாங்கள் ஏரியலிலேயே ராமேஸ்வரம் பிடித்தோம்" என்கிறார். இங்கே அது சரிவருமா?

வயர்மேன்_கந்தளாய்:
பெட்டியில் பழுது இல்லைத் தம்பி. வயர் இருந்து, எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) கரண்ட் போனாலே ஸ்ட்ரென்த் ஏறும். டிஷ் தென்னைமரத்தைப் பார்த்தாலும் 80 காட்டும். குவாலிட்டியை மட்டும் பாருங்கள், சரியான சிக்னல் வருகிறதா என்று அதுதான் சொல்லும். பழைய டிஷ் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது?

உப்புவெளி_வாசி:
மேற்கே அண்ணா.

வயர்மேன்_கந்தளாய்:
அதுதான் விஷயம். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளில், அது நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில். நமக்கு அது தென்கிழக்கு, காம்பஸில் 124 பாகை அளவில். நீங்கள் உப்புவெளி என்பதால் இன்னும் சுகம்: கடற்கரையில் நின்று கோணேசர் கோயில் மலையைப் பாருங்கள், ஏறத்தாழ அதே பக்கம்தான். உயரம் 72 பாகை, கிட்டத்தட்ட உச்சி வானம். ஆனால் நம் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை, சிக்னலைச் சரிவாக வாங்குபவை; அதனால் தட்டு பார்வைக்கு அவ்வளவு மல்லாந்து தெரியாது. பாதி சாய்த்து, அங்கிருந்து மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்.

எல்என்பியில் 9750/10600 என்று எழுதி இருக்கிறதா? இல்லாவிட்டால் யுனிவர்சல் எல்என்பி ஒன்று வாங்கி மாட்டுங்கள். பெட்டியில் சேனல் தேட ஃப்ரீக்வென்சி 11090, போலரைசேஷன் வெர்டிக்கல், சிம்பல் ரேட் 29500 போடுங்கள்.

ஏரியல்_பிரியன்:
சித்தப்பா சொன்னது அந்தக் காலத்தில் அவருடைய ஊருக்குச் சரி. ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர் உயரம். கூரை ஏரியலுக்கு அது எட்டும் தூரம் 90 கிலோமீட்டர் அளவு. யாழ்ப்பாணம் அந்த விளிம்பில் இருக்கிறது. திருகோணமலை 220 தாண்டிவிடும், கடலைத் தாண்டினால் மீதிப் பெரும்பகுதி தரை. காற்றடங்கிய சில நாள் எட்டாத சிக்னலும் வந்து போகும்தான், அதை நம்பி யார் ஏரியல் நடுவது? சென்னையின் டிவிபி-டி2 (ஏரியலில் பிடிக்கும் டிஜிட்டல் டிவி முறை) இன்னும் தூரம். "டிவிபி-டி2 பெட்டி வாங்கு, இந்தியா வரும்" என்று கடைக்காரர் சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். நம் நாடு தேர்ந்தெடுத்த முறையும் அது இல்லை, ஜப்பான்காரரின் ஐஎஸ்டிபி-டி.

உப்புவெளி_வாசி:
டிஷ்ஷைத் திருப்பியாயிற்று, எல்என்பியும் புதிது. குவாலிட்டி 15 வரை வந்து நிற்கிறது. டெல்லிக்காரர் வீடியோவில் இருக்கிற மாதிரியேதான் எல்என்பியைப் பூட்டினேன்.

வயர்மேன்_கந்தளாய்:
அங்கேதான் சிக்கல். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட. டெல்லியை விட எல்என்பியை அதன் பிடிக்குள் நன்றாகச் சுழற்ற வேண்டும். திருகாணியைத் தளர்த்தி, ஒருவரை டிவிக்கு முன்னால் இருத்திவிட்டு, முதலில் ஒரு பக்கம், அப்புறம் மற்றப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுங்கள். திருப்பிய பிறகு சில நொடி பொறுங்கள், பெட்டி மெதுவாகத்தான் காட்டும்.

உப்புவெளி_வாசி:
68! டிடி தமிழ் வந்துவிட்டது, அப்பா செய்தி பார்க்கிறார். மீதி முக்கால்வாசி ஹிந்தி. சன், விஜய் எங்கே அண்ணா?

வயர்மேன்_கந்தளாய்:
அவை காசு கட்டும் சேனல்கள், இதில் தேடாதீர்கள். டிஷ் 60 சென்டிமீட்டர் என்றால் மார்கழி மழைக்குப் படம் உடைந்து நிற்கும்; 90 போட்டால் தாங்கும். அதைவிட முக்கியம் எல்என்பியில் வயர் பூட்டும் எஃப் கனெக்டர். நம் உப்புக் காற்றுக்கு அது பச்சை பிடித்துவிடும். ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள், தண்ணீர் உள்ளே ஓடாது.