புதிதாக நட்ட ஜப்பானிய மேப்பிள்: மண் ஈரமாக இருந்தும் இலை கருகுகிறது. காப்பாற்ற முடியுமா?

செவ்விலை:
வசந்தத்தில் நட்ட ஜப்பானிய மேப்பிள் இது. தொட்டியில் வளர்ந்த ஒட்டுக்கன்று, சிவப்பு இலை வகை. நட்டுத் தந்தவர் குழியில் மட்கிய எருவைத் தாராளமாகக் கொட்டி, அடிமரத்தை ஒட்டி மண் அணைத்து, அதன்மேல் மரப்பட்டைத் துண்டுகளையும் குவித்துவிட்டுப் போனார். துளிர்த்தது என்னவோ நன்றாகத்தான் துளிர்த்தது. வெயில் ஏறியதும் இலை நுனிகள் பழுப்பாகி ஓரங்கள் முறுகின. உச்சிக் கிளைகள் சில இப்போது மொட்டையாக நிற்கின்றன. தினமும் தண்ணீர் விடுகிறேன். விரலால் தொட்டால் மண்ணில் ஈரம் இருக்கிறது. உரம் போடட்டுமா? மொட்டைக் கிளைகளை வெட்டிவிடட்டுமா?

தோட்டப்பித்தன்:
சத்துக் குறைவு போலத் தெரிகிறது. தழைச்சத்து உரம் கொஞ்சம் கரைத்து ஊற்றிப் பாருங்கள், நான்கு நாளில் தெளிந்துவிடும்.

வேரடி:
தயவுசெய்து உரம் வேண்டாம். வேர் இன்னும் மண்ணைப் பிடிக்காத மரத்துக்கு உரத்தின் உப்பு கருகலைத்தான் கூட்டும். எரு கொட்டிய குழியில் சத்துக்கு என்ன பஞ்சம்?

விரலை எங்கே விட்டுப் பார்த்தீர்கள்? சுற்றியுள்ள மண்ணிலா, தொட்டியிலிருந்து வேரோடு வந்த மண்கட்டியிலா? தொட்டிக் கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. நீங்கள் ஊற்றுவது பக்கவாட்டில் வழிந்து, வெளிமண் சேறாகும். வேர் தாகத்தில் கிடக்கும். அடிமரத்துக்குப் பக்கத்திலேயே குச்சியை ஆழமாகச் செருகி எடுத்துப் பாருங்கள்.

அப்படியே அடிமரத்தைச் சுற்றியுள்ள குவியலைக் கையால் விலக்குங்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால், ஆழமாகப் புதைத்திருக்கிறார்கள் என்று பொருள். மேப்பிளின் வேர்கள் மேலாக ஓடுபவை, அவற்றுக்குக் காற்று வேண்டும்.

மொட்டைக் கிளையில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, கத்தரியை எடுக்காதீர்கள். காய்ந்து படக்கென ஒடிவதை மட்டும் நீக்கலாம். அதன் வெட்டுமுகத்தில் பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ கோடுகள் இருந்தால் சொல்லுங்கள். அது வெர்டிசிலியம் வாடல் நோயாக இருக்கலாம். மண்ணிலிருந்து வரும் அந்தப் பூஞ்சைக்கு மருந்து கிடையாது.

செவ்விலை:
பார்த்துவிட்டேன். குச்சி தூசியோடு வந்தது, ஈரமே இல்லை! ஒரு சாண் தள்ளிச் செருகியது சேற்றோடு வந்தது. நான்கு விரல் மண்ணை விலக்கிய பிறகுதான் தண்டு அகல்கிறது; அங்கே பட்டை கறுத்து நசநசவென்று இருக்கிறது. பென்சில் கனத்தில் ஒரு வேர் தண்டைப் பாதி சுற்றியிருக்கிறது. கிளைகளில் பெரும்பாலும் பச்சை தெரிகிறது. ஒடிந்ததில் கோடு எதுவும் இல்லை.

வேரடி:
அப்படியானால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சுற்றிய அந்த வேரைக் கூரான கத்தரியால் வெட்டி எடுங்கள். விட்டால் தண்டு பருக்கப் பருக்க இறுக்கும். விலக்கிய மண்ணைத் திரும்பப் போடாதீர்கள், பட்டை காயட்டும்.

தண்ணீர்க் குழாயை மெலிதாகத் திறந்து, மண்கட்டியின் மேலேயே நெடுநேரம் சொட்ட விடுங்கள். அதன் பிறகு, கட்டியின் மேல் 5 செ.மீ. காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர். தினமும் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். மரப்பட்டை மூடாக்கு 5 முதல் 7 செ.மீ. கனம் போதும், தண்டைத் தொடக் கூடாது. பிற்பகல் வெயிலுக்கு மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுங்கள்.

மரத்தையே தூக்கி மேலே நடும் வேலையை இப்போது செய்யாதீர்கள். வெளிமண்ணும் வடியாமல் நிற்பதால் அது தேவைப்படலாம். இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது செய்யுங்கள். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

செவ்விலை:
மிக்க நன்றி ஐயா. ஒரு நல்ல செய்தி: அடியில் புதிதாகப் பச்சைத் துளிர் ஒன்று வேகமாகக் கிளம்புகிறது.

கிளைநிழல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அது ஒட்டுக்கு மேலே கிளம்புகிறதா, கீழேயா? தண்டின் அடிப்பகுதியில் சற்றுப் புடைத்த தழும்பு தெரியும். அதற்குக் கீழே வந்தால் அது அடிக்கன்றின், அதாவது உங்கள் சிவப்பு வகையை ஒட்டியிருக்கும் வேர்மரத்தின், துளிர். விட்டுவைத்தால் உங்கள் சிவப்பு மரத்தை அமுக்கிவிடும், கிள்ளி எறியுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிழலில் சிவப்பு வகையும் பச்சை தட்டும்.

செவ்விலை:
தழும்புக்கு இரண்டு விரல் கீழே. கிள்ளிவிட்டேன்.