புதுப்பிப்பு: ஜிடி40 கிட் கார் ஹெட்லைட் மூடி, இரண்டாம் முயற்சி

ஃபோர்டு ஜிடி40 ரேஸ் காரின் நகலை, பாகங்களாக வாங்கி நானே கோர்த்து வருகிறேன். போன மாதம் அதற்குப் பாலிகார்பனேட்டில் (கண்ணாடி போலத் தெளிவான, உறுதியான பிளாஸ்டிக்) ஹெட்லைட் மூடி வளைக்கப்போய், ஷீட் முழுக்கக் குமிழி வந்த கதையை எழுதியிருந்தேன். ஓவன் சூடுதான் அதிகம் என்று நினைத்தேன். காரணம் ஈரம்! பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வளைக்கும் முன் 120 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். அந்தப் பொறுமை எனக்கேது? 3 மி.மீ. அக்ரிலிக் என்ற வேறொரு தெளிவான பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டேன். 160 டிகிரியில் ஈர அப்பளம் போலத் தொய்ந்தது. மர அச்சின் மேல் மெத்தென்ற துணி விரித்து அதில் படியவிட்டேன், தடமே விழவில்லை. திருகு ஓட்டையை மட்டும் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். இறுக்கினால் விரிசல் விடும் (ஒன்று போச்சு). அப்புறம், சாய்ந்த மூடி ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கிறது. அதனால் மூடியை மாட்டிய பிறகே பீமை (ஹெட்லைட் ஒளி விழும் திசையை) சரிசெய்தேன். அடுத்த வேலை, ஓரத்துக்கு ரப்பர் பட்டை.