ஐந்து தலை டார்ச், இரண்டு தலையான கதை

யீஷுன், சிங்கப்பூர்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளம், இனி தேறாது என்று நினைத்தது தேறி வந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். தேறாமல் போன கதையையும் தாராளமாக எழுதலாம். நானே தொடங்கி வைக்கிறேன்.

வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீடு, கூடத்தில் 200 லிட்டர் தொட்டி. அதில் ஐந்து தலை டார்ச் பவளம் ஒன்று. சம்பளம் ஏறிய மாதம் வாங்கியது. வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். முதல் இரண்டு மாதம் நன்றாக விரிந்து, அலையில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாதம் அதன் உணர்கொம்புகள் குட்டையாயின. பிறகு ஒரு தலையின் விளிம்பில் சதை கீழே இறங்கி, உள்ளிருக்கும் எலும்புக்கூட்டின் வெள்ளை வரிகள் தெரிய ஆரம்பித்தன. ஈறு இறங்கினால் பல்லின் வேர் தெரியுமே, அப்படி.

சோதனைக் கிட்டை எடுத்தேன். கால்சியம் லிட்டருக்கு 360 மில்லிகிராம், மக்னீசியம் 1,100, ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) 7 dKHக்குக் கீழே. மூன்றும் குறைவு. கடையில் மூன்று புட்டி கொடுத்தார்கள், ஊற்றினேன். மறுநாள் எண்கள் ஏறியிருக்கும். அடுத்த தண்ணீர் மாற்றத்தில் பழையபடி இறங்கிவிடும். மறுபடி ஊற்றுவேன். இடையில் விளக்கைக் கூட்டினேன், குறைத்தேன். பவளத்தைத் தூக்கி மேல்தட்டில் வைத்தேன், கீழே வைத்தேன், பம்ப்பைத் திருப்பினேன். ஒரே மாதத்தில் மூன்று தலை போய்விட்டது.

உப்பின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் எப்போது பார்த்தாலும் 35, அதாவது லிட்டருக்கு 35 கிராம் போல, கடல்நீரின் அளவு. வாங்கிய அன்று ஆர்ஓ தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கோட்டைப் பூஜ்யத்துக்குத் திருகி வைத்ததோடு சரி, அதன் பிறகு தொடவே இல்லை.

ஒருநாள் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இருபது வருஷமாகத் தொட்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். எண்களைக் கேட்டவர், சாப்பாட்டு மேசையிலிருந்த டிஷ்யூவை எடுத்து அதிலேயே கணக்குப் போட்டார். கடல்நீரில் கால்சியம் 420 பக்கம், மக்னீசியம் 1,290 பக்கம். 360ஐ 420ஆல் வகுத்தால் 0.86. 1,100ஐ 1,290ஆல் வகுத்தால் 0.85. "தம்பி, ரெண்டும் ஒரே அளவுல குறைஞ்சிருக்கு பாரு. 35ஐ இதால பெருக்கு." பெருக்கினால் 30. "கால்சியமும் குறையல, மக்னீசியமும் குறையல. நீ உப்பே கம்மியா போடுற."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று மாலையே 35 என்று அச்சிட்ட அளவுத்திரவம் ஒரு புட்டி வாங்கி வந்து, ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலக் கோடு 40இல் நின்றது. அதாவது கருவி 35 காட்டிய நாளெல்லாம் என் தொட்டியில் இருந்தது 30தான். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இலும் சரியாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையாம். எந்த அளவில் வேலையோ அந்த அளவில்தான் சரிபார்க்க வேண்டும்.

சரிசெய்தது எளிது. ஒரேயடியாக உப்பைக் கொட்டவில்லை. என் தொட்டியில் தினமும் 3 லிட்டர் போல ஆவியாகும். ஆவியானதைத் தானாக ஈடுகட்டும் ஏடிஓ கருவியின் வாளியில் வழக்கமாக நன்னீர் இருக்கும். அதற்குப் பதில் 35இல் கலந்த உப்புநீர் வைத்தேன். 3 லிட்டரில் சுமார் 105 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு நாளொன்றுக்கு அரைப் புள்ளிதான் ஏறும். பத்து நாளில் 35ஐத் தொட்டது. மறுபடி நன்னீருக்கு மாறினேன். கால்சியமும் மக்னீசியமும் தாமாகவே இடத்துக்கு வந்துவிட்டன. புட்டிகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி: சும்மா இருப்பது. மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை. நான்காவது வாரம் ஒரு ராத்திரி விளக்கு அணைந்த பிறகு கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். மிஞ்சிய இரண்டு தலையில் ஒன்று வாயைச் சுற்றிக் கொஞ்சம் உப்பியிருந்தது. பம்ப்பை நிறுத்திவிட்டு, பிப்பெட்டால் ஒரே ஒரு மைசிஸ் இறாலை மேலே வைத்தேன். ஒரு கொம்பு ஒட்டிப் பிடித்தது. அடுத்தடுத்த கொம்புகள் மெல்ல மடங்கி வாய்ப்பக்கம் தள்ளின. இறால் உள்ளே போக இருபது நிமிடம் ஆயிற்று. முட்டி மடங்கி உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன்.

ஷார்ஜா

கால்சியமும் மக்னீசியமும் ஒரே விகிதத்தில் குறைவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இதுவரை தோன்றியதில்லை. குறித்துக்கொண்டேன்.

என் கதை வெப்பம். ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தபோது தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுவிட்டது. சாவியை வைத்திருந்த நண்பர் மீனுக்கு ஒழுங்காகத் தீனி போட்டார், வெப்பமானியை மட்டும் பார்க்கவில்லை. நான்கு நாள் 33 டிகிரி. அக்ரோபோரா பவளங்கள் எல்லாம் போய்விட்டன, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேவியா, ஹேமர் என்ற மற்ற இரண்டு பவளங்களும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து நின்றன.

வெளுத்ததைப் பார்த்ததும் தூக்கி எறியாதீர்கள். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடுகிறது. சதை கண்ணாடி போல ஆகிவிடுவதால் உள்ளே எலும்பு தெரிகிறது, அவ்வளவுதான். பக்கவாட்டில் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். உயிருள்ள இடம் ஈரமாக மினுக்கும். செத்த இடம் மங்கலாக இருக்கும், சில நாளிலேயே அதன் மேல் பச்சைப் பாசி படியத் தொடங்கும். என் ஃபேவியா முழுக்க வெள்ளை, ஆனால் மினுக்கியது.

விளக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். வெளுத்த பவளத்துக்கு அதிக வெளிச்சம் மேலும் கெடுதல். அந்தப் பாசிதான் அதற்குச் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தருவது. அது இல்லாத காலத்தில் நாம்தான் ஊட்ட வேண்டும். வாரம் மூன்று தரம், ராத்திரியில், பொடியாக அரைத்த இறாலும் உயிருள்ள ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சும். நிறம் பச்சையாகத் திரும்பும் என்று காத்திருந்தால், முதலில் அழுக்குப் பழுப்பாக வந்தது. அதுவே நல்ல அறிகுறி. பச்சை வர நாலு மாதம் பிடித்தது.

ஒன்று மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இதே வளைகுடாக் கடலில் கோடைக்கு 34, 35 டிகிரி தாங்கும் பவளங்கள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. என் தொட்டியில் இருந்தவை வேறு கடலிலிருந்து வந்தவை.

யீஷுன் நண்பருக்கு ஒரு கேள்வி: செத்த மூன்று தலையின் எலும்பை வெட்டி எடுத்தீர்களா, விட்டுவிட்டீர்களா?

வேளச்சேரி, சென்னை

என்னிடம் மென்பவளங்கள் மட்டும்தான். இங்கே கடினப் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 2001இலிருந்து. யாராவது "டார்ச் இருக்கு, வேணுமா சார்?" என்று கேட்டால் நகர்ந்துவிடுங்கள். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. ஒரு காலத்தில் கடலிலிருந்து வண்டி வண்டியாகப் பவளக்கல் எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் போட்ட ஊர். இப்போது கரையில் ஒதுங்கிய துண்டைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு அலை பம்ப்பை மட்டும் ஓட்டினேன். விளக்கு மூன்று நாள் இல்லாவிட்டால் பவளம் சாகாது. நீரோட்டம் நின்று ஆக்சிஜன் குறைந்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் போகும். பம்ப்பின் வாயை நீர்மட்டத்தைப் பார்க்கத் திருப்பி, மேற்பரப்பு கலங்கும்படி வைத்தேன்.

மீன்கள் பிழைத்தன. ஆனால் லெதர் பவளம் சுருங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, மேலே மெழுகு பூசியது போல ஆகிவிட்டது. ஒரு வாரமாகப் பாலிப் (மேலே பூப்போல நீளும் சின்ன உயிர்) ஒன்றுகூட வெளியே வரவில்லை. எடுத்துப் போட வாளியோடு நின்றேன். மனைவிதான், "முதல்ல மோந்து பாருங்க, கெட்டிருந்தா நாறுமில்ல?" என்றார். மோந்து பார்த்தேன். கடல் வாசனைதான். இப்படி யோசிக்கப் பத்து வருஷத் தொட்டி அனுபவம் தேவையில்லை போலிருக்கிறது. செத்த பவளம் அழுகிய மீனாக நாறும்.

லெதர் அவ்வப்போது தோல் உரிக்கும். கலவரப்பட்டால் இன்னும் அதிகமாக உரிக்கும். நீரோட்டத்தை அதன் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டேன். பதினோராம் நாள் அந்த மெழுகு பாலாடை போலச் சுருண்டு கிளம்பிப் போனது. அடியில் புதுத் தோல், சாயங்காலத்துக்குள் பாலிப் எல்லாம் வெளியே.

ஸ்கார்பரோ, டொராண்டோ

நான் எழுதப்போவது எச்சரிக்கை. தயவுசெய்து முழுக்க வாசியுங்கோ.

என்ட ஸோவாக்கள் (பூப்போல விரிகிற, பவளத்துக்கு உறவான சின்ன உயிர்கள்) ஒரு மாதமாக மூடியே கிடந்தன. தண்ணியில் குறை ஒன்றும் இல்லை. கடைசியில் பூதக்கண்ணாடியால் பார்த்தால், ஸோவாவைத் தின்கிற சின்னக் கடல் நத்தை, ஓடு இல்லாத வகை. தின்ற ஸோவாவின் நிறமே அதுக்கும் வந்துவிடும், அதுதான் கண்ணில் படவில்லை. அயோடின் கலந்த கடல்நீரில் பத்து நிமிடம் முக்கி ஆட்டினால் நத்தை விழும். முட்டை சாகாது. சுருள் சுருளாக அடிப்பக்கம் ஒட்டியிருக்கும், பழைய பல்துலக்கியால் சுரண்ட வேண்டும். ஐந்து நாளைக்கு ஒருக்கா, நாலு தரம் செய்தேன். ஸோவா விரிந்தது.

பிழை விட்டது அதுக்குப் பிறகு. அதே கல்லில் ஸோவாவுக்குச் சொந்தமான பழுப்புப் பாலித்தோவா கொஞ்சம் பரவிக் கிடந்தது. சுரண்டுவதோடு சுரண்டுவதாக அதையும் எடுப்போம் என்று, குசினி சிங்கில் சுடுதண்ணி திறந்துவிட்டு, கையுறைகூட இல்லாமல் தேய்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் வாயெல்லாம் இரும்புக் கசப்பு. பிறகு நடுக்கம், காய்ச்சல், இருமல், மூச்சு விட ஏலாது. மகன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

பாலிடாக்சின் என்கிற நஞ்சு. மிகக் கொடிய இயற்கை நஞ்சுகளில் ஒன்று. எல்லா ஸோவாவிலும் இவ்வளவு இருக்காது, ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. கையுறையும் கண்ணாடியும் போட்டு, கடல்நீருக்குள் வைத்தே வேலை செய்யுங்கோ. கல்லைச் சுடுதண்ணியில் கழுவவோ அவிக்கவோ கூடாது, அந்த ஆவி நுரையீரலுக்குள் போகும்.

கிளமெண்டி, சிங்கப்பூர்

யீஷுன்காரர் ஆர்ஓ என்றதும் ஞாபகம் வந்தது. இங்கே குழாய்நீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமைன் இருக்கும். கார்பன் வடிகட்டி அதை உடைத்தால் அம்மோனியா மிஞ்சும், அதைப் பிடிப்பது ஆர்ஓவுக்கு அடுத்த வடிகட்டியான டிஐ ரெசின். ரெசின் நிறம் மாறியும் "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று விட்டிருந்தேன். காளான் பவளம் சுருங்கிய பிறகுதான் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்தேன், பூஜ்யம் காட்ட வேண்டியது 14 காட்டியது. ரெசினை மாற்றி, கார்பனையும் மாற்றி, நாலு தரம் பாதிப் பாதியாகத் தண்ணீர் மாற்றினேன். ஒரு மாதத்தில் சரியாயிற்று. இவ்வளவுதான் என் கதை.

யீஷுன், சிங்கப்பூர்

ஸ்கார்பரோ அண்ணா, நல்லவேளை எழுதினீர்கள். போன வாரம்தான் ஒரு கல்லை வெந்நீரில் போட எடுத்து வைத்திருந்தேன். அது இப்போது பால்கனியில் இருக்கிறது, அங்கேயே கிடக்கட்டும்.

ஷார்ஜா நண்பர் கேட்டதற்கு: இரண்டு எலும்பை வெட்டிவிட்டேன், பாசி மண்டி அது உயிருள்ள தலைப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது உள்பக்கம் இருந்தது, வெட்டுக் கருவி போகவில்லை, சோம்பலில் விட்டுவிட்டேன். போன மாதம் கண்ணாடி துடைக்கும்போது பார்த்தால், அந்த எலும்பின் தண்டில், வாயிலிருந்து இரண்டு விரல் கீழே, கடுகளவு பச்சையாக ஒரு மொட்டு. பாசி என்று நினைத்துப் பல்துலக்கியை எடுத்துவிட்டேன். பம்ப் அடித்த தண்ணீரில் அது சுருங்கியது. பாசி சுருங்காதே.

இப்போது மிளகளவு. ஆறு கொம்பு இருக்கிறது, எண்ணிவிட்டேன். மனைவியும் பூதக்கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "இந்த ஒரு தலை மட்டும் எத்தனை வெள்ளிக்குப் போகும்?" என்று கேட்டார்.

அதிலும் பாதிதான் சொன்னேன்.